ஒரு மாதம் குடும்பமாகக் கதை எழுதலாம், பெற்றோரும் எழுதுவதாக இருந்தால்

கேள்வி: "எங்கள் பிள்ளைகள் மூவரும் வீட்டிலேயே படிக்கிறார்கள். மூத்தவளுக்கு 14, நடுப்பையனுக்கு 10, கடைக்குட்டிக்கு 6 வயது. ஒரு மாதம் குடும்பமாக உட்கார்ந்து கதை எழுதும் சவாலை எடுக்க நினைக்கிறோம். மூத்தவள் இப்போதே தயார். நடுப்பையனுக்கு எழுதுவது என்றாலே வெறுப்பு. சின்னவளுக்கு எழுத்துகளே இன்னும் முழுதாகக் கைவரவில்லை. யாருக்கு எவ்வளவு இலக்கு வைப்பது? பிழைகளை எப்போது திருத்துவது? பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது?"

பதில்:

மூன்று பிள்ளைகளைப் பற்றியும் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பெற்றோராகிய நீங்கள் இருவரும் அந்த மாதத்தில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அதனால் இலக்கையும் பிழையையும் பிறகு பார்ப்போம். நீங்களும் ஒரு கதை எழுதுங்கள். பிள்ளைகள் எழுதும் அதே நேரத்தில், அதே மேசையில் எழுதுங்கள். இதை ஓர் உபரி யோசனையாகச் சொல்லவில்லை. இது இல்லாவிட்டால் நீங்கள் நடத்தப்போவது குடும்பச் சவால் அல்ல, ஒரு மாத நீளமுள்ள கட்டுரைப் பாடம்தான். அதன் முடிவு நடுப்பையனைப் பொறுத்தவரை இப்போதே தெரிந்த ஒன்று.

எழுத வெறுக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் பார்த்திராத ஒரு காட்சி உண்டு: வளர்ந்த ஒருவர் எழுதத் தடுமாறுவது. புத்தகத்தில் அவர்கள் பார்ப்பது முடிந்த வரிகளை மட்டுமே. அப்பா ஒரு வாக்கியத்தை மூன்று முறை அடித்துவிட்டு, கூரையைப் பார்த்து, "இந்த ஆளை எப்படி வீட்டைவிட்டு வெளியே அனுப்புவது என்று தெரியவில்லையே" என்று முணுமுணுப்பதை ஒரு பத்து வயதுப் பையன் பக்கத்திலிருந்து பார்க்கிறான் என்று வையுங்கள். எழுத்து என்பது முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட வேண்டிய ஒன்று என்ற அவனுடைய பயம் அங்கே தளரத் தொடங்கும். நீங்கள் ஆயிரம் முறை வாயால் சொல்லியும் நடக்காதது அது.

ஒரு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து கதை எழுதியதற்கு மிகப் புகழ்பெற்ற சான்று இங்கிலாந்தின் யார்க்‌ஷைரில் ஹாவர்த் என்ற ஊரில் வாழ்ந்த, பின்னாளில் மூன்று நாவலாசிரியைகளைத் தந்த பிராண்டே குடும்பம். மூத்த சகோதரிகள் இருவர் 1825-இல் நோயால் இறந்த பிறகு, அவர்களோடு அதே உறைவிடப் பள்ளியில் படித்துவந்த ஷார்லட்டையும் எமிலியையும் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகள் அப்பாவும் பெரியம்மாவும்தான் ஆசிரியர்கள். 1826 ஜூனில் அப்பா, மகன் பிரான்வெல்லுக்கு ஒரு பெட்டி மரப் படைவீரர் பொம்மைகளை வாங்கி வந்தார். ஷார்லட்டுக்கு அப்போது 10 வயது, பிரான்வெல்லுக்கு 8, எமிலிக்கு 7, கடைசித் தங்கை ஆனுக்கு 6. ஆளுக்கொரு வீரனை எடுத்துப் பெயர் வைத்தார்கள். அந்த வீரர்களுக்கு ஒரு நாடு வந்தது, பிறகு நகரங்கள், போர்கள், அரசியல் சண்டைகள், செய்தி இதழ்கள் எல்லாம் வந்தன. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னஞ்சிறு ஏடுகளில், அச்செழுத்தைப் போலவே நுணுக்கிய கையெழுத்தில் எழுதி, தாங்களே தைத்துப் புத்தகமாக்கினார்கள். பொம்மை வீரர்கள் படிக்கும் அளவில் புத்தகம் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. அந்த எழுத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் படிப்பது கடினம். பெரியவர்களின் கண்ணுக்கு அவ்வளவு எளிதில் எட்டாத எழுத்து அது. அந்தப் பிள்ளைகள் அவ்வளவு எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அந்தக் குடும்பத்திடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய இன்னொன்றும் இருக்கிறது. நாடு பொதுவானது, கதைகள் தனித்தனியானவை. ஒரே கதையை ஐந்து பேர் சேர்ந்து எழுதலாம் என்று பல குடும்பங்கள் தொடங்குகின்றன. முதல் வாரத்திலேயே மூத்த பிள்ளையின் கை ஓங்கிவிடும், இளையவர்கள் தலையாட்டிகளாகிவிடுவார்கள். அதற்குப் பதில் எல்லோருமாக ஒரு தீவையோ நகரத்தையோ உருவாக்குங்கள். முதல் நாள் எழுத்தே வேண்டாம். ஒரு பெரிய தாளில் வரைபடம் மட்டும் வரையுங்கள். ஆறு எங்கே தொடங்குகிறது, யாரும் போகக்கூடாத இடம் எது, அங்கே என்ன இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று பேசிக்கொண்டே வரையுங்கள். பிறகு ஒவ்வொருவரும் அந்த நாட்டில் தங்களுக்குப் பிடித்த இடத்தில் தங்கள் கதையை நடத்தட்டும். ஒருவர் கதையின் ஆள் இன்னொருவர் கதைக்குள் நுழையலாம், ஆனால் சொந்தக்காரரைக் கேட்காமல் அவரைக் கொல்லக்கூடாது. இந்த ஒரு விதியைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். பாதிச் சண்டைகள் வராது.

ஒரு பிள்ளை பொது நாட்டைவிட்டு வெளியேற விரும்பினால் விட்டுவிடுங்கள். ஷார்லட் 1831-இல் வெளியூர்ப் பள்ளிக்குப் போனதும், எமிலியும் ஆனும் அண்ணன் அக்காவின் நாட்டிலிருந்து பிரிந்து தங்களுக்கென்று ஒரு தீவை உருவாக்கிக்கொண்டார்கள். அந்தப் பிரிவு எவ்வளவு ஆழமாக வேர் பிடித்தது என்றால், 1845-இல், எமிலிக்கு 27 வயது ஆகும் சமயத்தில், இருவரும் ஒரு பயணம் போகும்போதுகூட அந்தத் தீவின் மனிதர்களாக நடித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். எமிலியின் நாட்குறிப்புத் தாளில் இது இருக்கிறது.

இனி இலக்கு. மாதம் முழுக்க எழுதும் சவால் பலருக்கும் அறிமுகமானது நானோரைமோ என்ற பெயரில். 1999-இல் அமெரிக்காவில் கிறிஸ் பேட்டி என்பவர் தொடங்கியபோது அதில் இருந்தவர்கள் 21 பேர். பிறகு அது ஆண்டுதோறும் நவம்பரில் உலகம் முழுவதும் நடந்தது. நடத்திய அமைப்பு 2025-இல் மூடப்பட்டுவிட்டது. முறை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக நிற்கிறது: 30 நாளில் 50,000 சொற்கள், அதாவது நாளுக்கு 1,667. அந்த அமைப்பே சிறுவர் பிரிவில் இந்த எண்ணைக் கட்டாயமாக்கவில்லை. இளம் எழுத்தாளர்கள் தங்கள் இலக்கைத் தாங்களே குறித்துக்கொண்டார்கள். நீங்களும் 50,000 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். அது ஆங்கிலத்துக்காக வைத்த எண் என்பதையும் கவனியுங்கள். தமிழில் 'வரமுடியாதவர்களுக்காக' என்பது ஒரே சொல். தமிழில் எழுதும் பிள்ளைக்குச் சொற்கணக்கு எப்போதும் குறைவாகவே தெரியும். அதைப் பார்த்து மனம் சோர விடாதீர்கள்.

இலக்கைக் குத்துமதிப்பாக வைக்காமல் அளந்து வையுங்கள். மாதம் தொடங்கும் முன் மூன்று நாள், தினமும் பத்து நிமிடம் எழுதச் சொல்லி, சொற்களை எண்ணிச் சராசரி பாருங்கள். பத்து நிமிடத்தில் 45 சொற்கள் எழுதுகிறான் என்றால், நாளுக்கு இருபது நிமிடத்தில் 90 வரும். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் மாதத்துக்கு 22 நாள் கிடைக்கும். 22-ஐ 90-ஆல் பெருக்கினால் 1,980. இலக்கு 2,000. இந்தக் கணக்கை நீங்கள் போடாதீர்கள், அவனைப் போடச் சொல்லுங்கள். நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டால் மிச்சத்தை மிஞ்சிய நாள்களுக்குப் பங்கிடுவதும் அவன் வேலைதான். அந்த மாதம் கணிதப் பாடத்துக்குத் தனியாகச் சராசரியும் சதவீதமும் தேட வேண்டியிருக்காது. சுவரில் மாட்டும் அட்டவணையில் சொற்களின் எண்ணிக்கையைப் போடாமல், அவரவர் இலக்கில் எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது என்பதைப் போடுங்கள். அக்காவின் 9,000-க்குப் பக்கத்தில் தம்பியின் 1,200 நின்றால் அவன் தோற்றவன் ஆகிவிடுவான். இருவரும் 60 சதவீதம் என்று நின்றால் சேர்ந்து நடப்பவர்கள்.

நடுப்பையனைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். 'எழுதுவது பிடிக்கவில்லை' என்று ஒரு பிள்ளை சொல்லும்போது அதற்குள் பல சங்கதிகள் இருக்கும். எழுதுவதில் குறைந்தது இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒன்று, என்ன சொல்வது, எந்த வரிசையில் சொல்வது என்று மனத்தில் கட்டுவது. மற்றது, அதை எழுத்தாக்கித் தாளில் இறக்குவது: பேனா பிடிப்பு, எழுத்து வடிவம், றகரமா ரகரமா, இங்கே ஒற்று மிகுமா. இரண்டாவது வேலை பழகாத கைக்கு அத்தனை கவனத்தையும் தின்றுவிடும். முதல் வேலைக்கு மிச்சம் இருக்காது. மனத்தில் ஓடிய நீளமான சண்டைக் காட்சி தாளில் 'அவர்கள் சண்டை போட்டார்கள்' என்று நான்கே வினாடியில் முடிந்துபோவதற்கு இதுதான் காரணம். நாம் அதைப் பார்த்துக் கற்பனை போதாது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

எது தடை என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு நாள் அவனிடம் கதையைச் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வாயால் சொல்லும்போது கதை வழிந்து ஓடுகிறது என்றால் தடை கையில்தான். அவன் மாதம் முழுதும் சொல்லியே எழுதட்டும், அல்லது கைபேசியின் குரல் உள்ளீட்டைப் பயன்படுத்தட்டும். தமிழிலும் அது நன்றாகவே வேலை செய்கிறது. வாயாலும் வரவில்லை என்றால் தடை வேறு. யாரைப் பற்றி, எதற்காக என்ற பிடி அவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அவன் மணிக்கணக்கில் வாயோயாமல் பேசும் விஷயம் எது என்று பாருங்கள். அது கால்பந்தாகவோ பூச்சிகளாகவோ இருக்கலாம். கதை அங்கிருந்து பிறக்கட்டும். படக்கதையாக வரைந்தாலும் எழுத்துதான். எழுத்துகள் இடம் மாறுவது, படித்த வரியையே தொலைப்பது போன்றவை வயதுக்கு மீறி நீடித்தால் மட்டும் ஒரு நிபுணரிடம் காட்டுவது நல்லது. அதை இந்தச் சவாலோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சொல்வதை எழுதிக்கொள்வதில் ஒரு நேர்மை வேண்டும். பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுங்கள். பேச்சுத் தமிழில் சொன்னால் பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். உரைநடையாக்கி, அழகுபடுத்தி எழுதினால் படித்துக் காட்டும்போது பிள்ளைக்கு அது தன்னுடையதாகத் தெரியாது. சின்னவள் சொன்னதை எழுதி முடித்ததும், விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே மெதுவாகப் படித்துக் காட்டுங்கள். "இல்லை, யானை அழவில்லை, கோபமாக இருந்தது" என்று அவள் குறுக்கிடுவாள். நீங்கள் 'அழுதது' என்பதை அடித்துவிட்டு 'கோபமாக இருந்தது' என்று எழுதும்போது, எழுதியதை மாற்றலாம் என்பதை அவள் கண்ணால் பார்த்துவிடுகிறாள். ஆறு வயதில் அது பெரிய பாடம். தமிழின் 247 எழுத்துகளையும் கைக்குள் கொண்டுவந்து முடித்த பிறகுதான் கதை எழுதலாம் என்று அவளைக் காக்க வைக்காதீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் வீட்டுக்கல்விக்கென்று முழு முறையையே வகுத்த சார்லட் மேசன், சின்னப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்வதே கட்டுரைப் பயிற்சி என்று வைத்தார். இன்றும் பல குடும்பங்கள் பின்பற்றும் வழி அது. சின்னவளுக்கு நாளுக்கு ஒரு படம், அதன் கீழே அவள் சொல்லும் இரண்டு மூன்று வரிகள் போதும்.

பிழைகளை எப்போது திருத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மாதத்தில் திருத்தவே வேண்டாம். ஓர் ஒற்றுப்பிழையைக்கூட. பிள்ளையே வந்து "இது சரியா?" என்று கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள், அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். வீட்டுக்கல்விச் சிந்தனையின் முன்னோடிகளில் ஒருவரான ஜான் ஹோல்ட், பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில் தன் வகுப்பில் ஒரு போட்டி வைத்தார். வகுப்பை அணிகளாகப் பிரித்தார், எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம், குறித்த நேரத்துக்குள் எந்த அணி அதிகச் சொற்கள் எழுதுகிறதோ அதற்கே வெற்றி. எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. பிள்ளைகள் குவித்து எழுதினார்கள். சரியாக எழுத வேண்டும் என்ற அச்சம் விலகியதும் எழுத்தின் அளவு பெருகியது. அளவு பெருகிய பிறகே தரத்தைப் பற்றிப் பேச கையில் ஏதாவது இருக்கும்.

அப்படியானால் பெற்றோர் எதுவுமே சொல்லக்கூடாதா என்றால், சொல்லலாம். வாசகராகச் சொல்லலாம். வாரம் இரண்டு மாலை எல்லோரும் தங்களுடையதில் ஒரு பக்கம் படிக்கட்டும். விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். முதலில் நீங்கள் படியுங்கள். கேட்பவர்கள் இரண்டு விதமாகத்தான் பேசலாம்: எது கண்முன் தெரிந்தது, எதைத் தெரிந்துகொள்ள ஆசை. எடுத்துக்காட்டாக, பையன் இப்படி எழுதியிருக்கிறான் என்று வையுங்கள்: 'வீரன் குகைக்குள் போனான். உள்ளே இருட்டாக இருந்தது. அப்போது கதவு மூடியது. அவன் பயந்தான்.' "பயத்தை இன்னும் வர்ணிக்க வேண்டும்" என்று சொன்னால் அது ஆசிரியர் பேச்சு. "குகைக்குக் கதவு இருந்ததா? யார் வைத்த கதவு?" என்று கேட்டால் அது வாசகர் பேச்சு. அவன் ஒரு நொடி யோசிப்பான். "முன்னால் அங்கே ஒரு கிழவி இருந்தாள்" என்பான். அடுத்த நாளைக்கு ஒரு பக்கம் கிடைத்துவிட்டது. 'அழகாக இருக்கிறது' என்ற பாராட்டைக்கூடக் கூடிய மட்டும் தவிருங்கள். அதிலிருந்து பிள்ளை எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. "கிழவியின் கைத்தடிச் சத்தம் எனக்குக் கேட்டது" என்பது எடுத்துக்கொள்ளக்கூடியது.

பத்து வயதுப் பையன்களின் கதைகளில் எல்லோரும் செத்துப்போவார்கள். இரத்தம் ஆறாக ஓடும். பதறாதீர்கள். பயத்தையும் வலிமையையும் கதையில் வைத்துப் பார்ப்பது பிள்ளைகளின் இயல்பு. மூத்தவள் தன் கதையை யாரிடமும் காட்ட மாட்டேன் என்று சொல்லக்கூடும். 14 வயதில் அது அவளுடைய உரிமை. அவள் இல்லாதபோது நோட்டைப் பிரித்துப் பார்த்தால் நீங்கள் இழப்பது அந்த மாதத்தை மட்டுமல்ல. அவளைத் தம்பி தங்கையின் எழுத்துக்குக் கண்காணிப்பாளராகவும் ஆக்காதீர்கள். அவள் வேலை அவளுடைய கதை. தட்டச்சு செய்ய விரும்பினால், தொடங்குவதற்கு முன் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்ளட்டும். உயிரும் மெய்யும் சேரும் விதத்திலேயே அமைந்திருப்பதால் சீக்கிரம் கைவந்துவிடும்.

இரண்டாவது வாரத்தில் தொய்வு வரும். வந்தே தீரும், பெரியவர்களுக்கும் சேர்த்து. தொடக்கத்தின் புதுமை தீர்ந்திருக்கும், முடிவு கண்ணில் பட்டிருக்காது. அப்போது "முயற்சி செய்" என்று சொல்வதால் பயனில்லை. கதைக்குள் போய்க் கேளுங்கள்: உன் ஆளுக்கு என்ன வேண்டும்? யார் குறுக்கே நிற்கிறார்? அவருக்கு அதில் என்ன நட்டம்? பெரும்பாலான கதைகள் நின்றுபோவது, நாயகனுக்கு எதுவுமே வேண்டாததாக இருப்பதால்தான். அதற்கும் அசையாவிட்டால் கதையை ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கதாபாத்திரத்தின் பைக்குள் என்னென்ன இருக்கும் என்று ஒரு பட்டியல், அல்லது வில்லன் தன் அம்மாவுக்கு எழுதும் ஒரு கடிதம், இப்படி எதையாவது எழுதட்டும். அந்தச் சொற்களும் கணக்கில் சேரும். உங்கள் கதை நின்றுபோனால் அதை மறைக்காதீர்கள். இரவுச் சாப்பாட்டின்போது பிள்ளைகளிடம் யோசனை கேளுங்கள். நடுப்பையன் அன்று உங்களுக்குத் தரும் யோசனையை எப்படியாவது உங்கள் கதையில் பயன்படுத்துங்கள், மறுநாள் படித்தும் காட்டுங்கள்.

யாராவது இலக்கைத் தொடாவிட்டால்? தொட்டவரைக்கும் கணக்கு. பரிசு வேண்டாம், தண்டனையும் வேண்டாம். முடித்தவருக்குப் பரிசு என்று அறிவித்தால், 1,400 சொற்கள் எழுதிய பிள்ளைக்குக் கடைசியில் மிஞ்சுவது தான் தோற்ற செய்தி மட்டுமே.

நீங்கள் வாழும் இடத்தில் வீட்டுக்கல்விக்கு ஆவணங்கள் கேட்பார்கள் என்றால், ஒவ்வொரு நாள் பக்கத்திலும் தேதி போட்டு அடித்தல் திருத்தல்களோடு அப்படியே கோப்பில் வையுங்கள். மாதத்தின் முதல் நாள் பக்கமும் கடைசி நாள் பக்கமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வேறு விளக்கம் தேவைப்படாது. பிள்ளைகளின் கதைகளை அவர்களைக் கேட்காமல் உறவினர்களுக்கு அனுப்புவதையோ இணையத்தில் போடுவதையோ செய்யாதீர்கள்.

மாதம் முடிந்ததும் எல்லாவற்றையும் மூன்று வாரம் எடுத்து வைத்துவிடுங்கள். அதன் பிறகுதான் திருத்தம், அதுவும் முழுக் கதைக்கும் அல்ல. ஒவ்வொருவரும் தங்களுக்கு மிகப் பிடித்த இரண்டு பக்கங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றை மட்டும் உரக்கப் படித்து, நாக்கு தடுக்கும் இடங்களைச் சரிசெய்யட்டும். ஒற்று, றகர ரகரம், லகர ளகர ழகரம் எல்லாவற்றையும் இப்போது பாருங்கள். அச்சுக்குப் போகும் பக்கம் என்பதால் பிள்ளைகளே கவனமாகக் கேட்பார்கள். பேச்சுத் தமிழில் இருப்பதில் எதை அப்படியே விடலாம், எதை மாற்றலாம் என்று பேசவும் இதுவே நேரம். கதாபாத்திரங்கள் பேசுவது பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும், கதை சொல்லும் வரிகளை எழுத்துத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள். எட்டு ஏ4 தாள்களை நடுவில் மடித்தால் 32 பக்கம் வரும். மடிப்பில் மூன்று துளை போட்டுத் தடித்த நூலால் தைத்துவிடலாம். நடுத் துளையிலிருந்து தொடங்கி, மேல் துளை, கீழ்த் துளை என்று போய், மறுபடி நடுவில் வந்து முடிச்சுப் போடுங்கள். அந்த வரைபடத்தை முதல் பக்கத்தில் சேருங்கள். உங்கள் இருவருடைய பக்கங்களும் அதில் இருக்க வேண்டும், பிள்ளைகளின் பக்கங்களுக்கு நடுவில், அதே அளவு இடத்தில்.